கோ லந்தாவிலிருந்து நான்கு தீவுப் படகுப் பயணம்: நீச்சல் தெரியாதவர்கள் மரகதக் குகைக்குள் போகலாமா?

கோவை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். தென் தாய்லாந்தில் அந்தமான் கடலோரம் இருக்கும் கோ லந்தா தீவில் நான்கு நாள் தங்குவதாகக் குடும்பத்துடன் முடிவு செய்திருக்கிறோம். அங்கிருந்து ஒரு நாள் படகில் அழைத்துச் சென்று, இரண்டு இடங்களில் ஸ்நோர்கெலிங் (முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி மிதந்தபடி நீருக்கடியில் பார்ப்பது) செய்ய வைத்து, கோ முக் தீவின் மரகதக் குகையையும் காட்டி, மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடும் "நான்கு தீவுப் பயணம்" பற்றித்தான் கேட்க வந்தேன்.

எங்களில் எனக்கு மட்டும்தான் நீச்சல் தெரியும். அதுவும் சிறு வயதில் தோட்டத்துக் கிணற்றில் கற்றதுதான், கடலில் நீந்திய பழக்கம் இல்லை. ஒன்பது வயது மகள் ஆறு மாதமாக நீச்சல் வகுப்புக்குப் போகிறாள். கணவருக்கு நீச்சல் தெரியாது, கண்ணாடி இல்லாமல் பார்வையும் தெளிவாக இருக்காது. அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது, மூட்டுவலி உண்டு, சுத்த சைவம். ஆனால் குகையின் படத்தைப் பார்த்ததிலிருந்து எங்கள் எல்லோரையும் விட அவருக்குத்தான் ஆவல் அதிகம்.

குகைக்குள் இருட்டில் நீந்தித்தான் போக வேண்டும் என்று படித்ததும் எனக்குத் தயக்கம் வந்துவிட்டது. நீச்சல் தெரியாதவர்களை உண்மையிலேயே பாதுகாப்பாக அழைத்துப் போகிறார்களா? பெரிய படகு, நீள்வால் படகு (பின்னால் நீண்ட தண்டுள்ள எஞ்சின் பொருத்திய மரப் படகு), விரைவுப் படகு என்று மூன்று வகை சொல்கிறார்களே, எங்களுக்கு எது பொருந்தும்? பொங்கல் விடுமுறை, மே மாத விடுமுறை இரண்டில் எதில் போனாலும் எங்களுக்குச் சரிதான். மே மாதத்தில் விமானக் கட்டணமும் அறை வாடகையும் நன்றாகக் குறைகின்றன என்பதால் மனம் அந்தப் பக்கம் சாய்கிறது. போய் வந்தவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சிராங்கூன்வாசி:

சகோதரி, நான் சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். கோ லந்தாவிலிருந்து இதே பயணத்தை இரண்டு முறை போயிருக்கிறேன். ஒரு முறை நன்றாக அமைந்தது, ஒரு முறை அமையவில்லை. இரண்டையும் சொன்னால்தான் உங்களுக்கு உதவும்.

வழக்கமாகக் காலையில் சாலாடான் துறையிலிருந்தோ தங்கும் விடுதியின் கடற்கரையிலிருந்தோ படகு கிளம்பும். கோ சுவாக், கோ முக், கோ கிராடன், கோ ஙாய் ஆகிய நான்கும்தான் அந்த நான்கு தீவுகள். கோ சுவாக் என்பது கடலில் நிற்கும் பாறைத் தீவு, இறங்கி நடக்க மணல் கிடையாது. படகிலிருந்து நேராக நீரில் இறங்கிப் பவளப்பாறையையும் மீன்களையும் பார்க்க வேண்டும். கிராடனில் மதிய உணவும் ஓய்வும். 2023ஆம் ஆண்டு உலகின் சிறந்த கடற்கரை என்று ஒரு பன்னாட்டுப் பட்டியலில் முதலிடம் பெற்றது இந்தக் கிராடன்தான். எந்தத் தீவுக்கு எப்போது போவது என்பதைக் குகை வாயிலில் நீர்மட்டம் இறங்கும் நேரம்தான் தீர்மானிக்கும். விளம்பரத் தாளில் அச்சிட்ட வரிசையிலேயே எல்லா நாளும் போவோம் என்று சொல்பவர்களிடம் நான் இடம் பதிவு செய்ய மாட்டேன்.

இனி குகை. கோ முக் தீவின் செங்குத்தான சுண்ணாம்புப் பாறையின் அடியில், கடல் மட்டத்தில், தாழ்ந்த வாயில் ஒன்று இருக்கிறது. படகு சற்றுத் தள்ளி நங்கூரமிடும். எல்லோரும் மிதவைச் சட்டை அணிந்து நீரில் இறங்கி, வழிகாட்டியின் பின்னால் ஒருவர் சட்டையை மற்றவர் பிடித்தபடி வரிசையாக உள்ளே போக வேண்டும். சுரங்கம் ஏறத்தாழ எண்பது மீட்டர் நீளம். தொடக்கத்தில் வெளிச்சம் நீரில் பட்டுச் சுவரெல்லாம் பச்சையாக ஒளிரும். மரகதம் என்ற பெயர் அதனால்தான் வந்தது. பிறகு ஒரு திருப்பத்தில் வெளிச்சம் முற்றிலும் அறுந்துபோகும். வழிகாட்டியின் கைவிளக்கைத் தவிர வேறு எதுவும் தெரியாது, அலைச் சத்தம் மட்டும் பாறையில் மோதி எதிரொலிக்கும். அதைக் கடந்ததும், நாற்புறமும் ஓங்கிய பாறைச் சுவர், மேலே வானம், நடுவே வெண்மணலும் ஆழமற்ற நீரும் மரங்களுமாக ஓர் இடம் விரிகிறது. தாய் மொழியில் இத்தகைய இடத்தை "ஹொங்" என்பார்கள். அறை என்று பொருள். மழைநீர் பல்லாயிரம் ஆண்டுகள் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக் கரைத்து, ஒரு காலத்தில் குகையின் கூரையாக இருந்தது இடிந்து விழுந்ததால் உண்டான அறை அது. கடற்கொள்ளையர் பொருளை ஒளித்து வைத்த இடம் என்றும் உள்ளூரில் சொல்வார்கள். நிமிர்ந்து பார்த்தபோது என் மனைவி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றாள். அது நன்றாக அமைந்த முறை.

மற்ற முறை போனபோது, வேறொரு படகுக்காரர் நீர் ஏறத் தொடங்கிய பிறகு எங்களை உள்ளே அழைத்துச் சென்றார். ஒரே நேரத்தில் நான்கைந்து குழுக்கள் எதிரும் புதிருமாகச் சுரங்கத்தில் நெருக்க, சிலர் இருட்டில் கூச்சலிட, எங்கள் வரிசையில் வந்த ஒரு மூதாட்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. முப்பது பேருக்கு ஒரே வழிகாட்டி. அவர் முன்னால் இருந்தார், மூதாட்டி கடைசியில் இருந்தார். நானும் இன்னொருவரும் அவரை இரு பக்கமும் தாங்கி வெளியே கொண்டுவந்தோம். எதுவும் ஆகவில்லை என்றாலும் அந்தச் சில நிமிடங்களை என்னால் மறக்க முடியவில்லை. எனவே பதிவு செய்யும்போது ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், குகைக்குள் வரிசையின் கடைசியில் இன்னொரு பணியாளர் வருவாரா, இந்த இரண்டையும் கட்டாயம் கேளுங்கள். சுற்றுலாத் துறை வழங்கும் வழிகாட்டி உரிம அட்டை இருக்கிறதா என்று பார்ப்பதிலும் தவறில்லை.

முத்துநகர்க் கடலோடி:

மேலே ஐயா சொன்னவற்றில் நீர் ஏறும் நேரம் என்பதுதான் உயிர்நாடி. தூத்துக்குடியில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன் என்ற முறையில் அதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் மாதம். தயவுசெய்து மே மாதத்தை விட்டுவிடுங்கள். நம் கடற்கரையில் கச்சான் காற்று என்று சொல்கிறோமே, மேற்கிலிருந்து வீசும் அந்தத் தென்மேற்குப் பருவக்காற்று அந்தமான் கடலைக் கடந்து தாய்லாந்தின் மேற்குக் கரையில் நேராக மோதுகிறது. மே நடுவிலிருந்து அக்டோபர் வரை அந்தப் பக்கம் அலை பெரிதாக இருக்கும். கடல் தேசியப் பூங்காக்கள் பலவற்றை மூடிவிடுவார்கள், மரகதக் குகையையும் மழைக்காலத்தில் மூடுகிறார்கள். 2018 ஜூலை 5ஆம் தேதி புக்கெட் அருகே புயலில் ஒரு சுற்றுலாப் படகு மூழ்கி 47 பேர் உயிரிழந்தது இந்தப் பருவத்தில்தான். விலை குறைகிறது என்றால் அதற்குக் காரணம் கடல்தான். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அந்தக் கரை அமைதியாக இருக்கும். பொங்கல் விடுமுறை அதன் நடுவில் வருகிறது.

மே மாதத்தைத் தவிர வேறு வழியே இல்லை என்றானால், கோ லந்தாவை விட்டுக் கிழக்குப் பக்கத் தாய்லாந்து வளைகுடாவில் உள்ள கோ சமுய்க்குப் போங்கள். அங்கிருந்து 42 தீவுகள் கொண்ட ஆங் தோங் தேசியப் பூங்காவுக்கு இதே போன்ற ஒரு நாள் பயணம் உண்டு. ஆனால் அங்கே பாறைகளுக்கு நடுவில் உள்ள பச்சை ஏரியைச் செங்குத்தான படிகளில் ஏறி மேலிருந்துதான் பார்க்க முடியும், இறங்கிக் குளிக்க அனுமதியில்லை. மூட்டுவலி உள்ள அம்மாவுக்கு அது சரிப்படாது என்று நினைக்கிறேன்.

அடுத்தது ஓதம். கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். அந்த நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றமும் இறக்கமும் மிகுதி, நீவாடு எனப்படும் நீரோட்டமும் வலுவாக இருக்கும். அஷ்டமியை ஒட்டியும் அதற்கு ஓரிரு நாள் பின்னும் இரண்டுமே மிதமாக இருக்கும். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே இதற்குப் போதும். நீச்சல் தெரியாதவர்களுக்கு அஷ்டமியை ஒட்டிய நாள்தான் ஏற்றது, ஏனென்றால் கோ சுவாக்கைச் சுற்றி நீரோட்டம் வேகமானது. அங்கே பிடித்துக்கொள்வதற்கென்றே கயிறு கட்டி வைப்பார்கள். அந்தக் கயிற்றை விட்டு விலக வேண்டாம். குறிப்பிட்ட நாளில் எந்த மணிக்கு நீர் வற்றும் என்பதை ஓத அட்டவணையில் பார்த்துக்கொண்டு, குகைக்கு எத்தனை மணிக்குப் போவீர்கள் என்று படகுக்காரரிடம் கேளுங்கள். இரண்டும் பொருந்தினால் பணம் கட்டுங்கள்.

படகைப் பொறுத்தவரை உங்கள் குடும்பத்துக்குப் பெரிய மரப் படகையே சொல்வேன். மெதுவாகப் போகும், ஆட்டம் குறைவு, நிழலும் கழிவறையும் இருக்கும், ஏணி அகலமாக இருக்கும். விரைவுப் படகு அலையில் தூக்கிப் போட்டுக்கொண்டே போவதால் முதுகும் மூட்டும் தாங்காது. நீள்வால் படகு அழகானதுதான், ஆனால் எஞ்சின் சத்தம் காதைத் துளைக்கும், ஏணி குறுகலானது, சாரல் உடையெல்லாம் நனைக்கும். அதில் ஏற நேர்ந்தால் முன்னணியத்தில் கட்டியிருக்கும் வண்ணத் துணிகளையும் பூமாலையையும் மிதிக்காமலும் அங்கே உட்காராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். படகைக் காக்கும் மே யா நாங் என்ற தெய்வத்துக்கு அவர்கள் செய்யும் மரியாதை அது. நம் ஊரிலும் படகின் முன்பக்கத்துக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கும்பிடுகிறவர்கள்தானே நாம்.

இரு பிள்ளைகளின் தாய்:

குழந்தையோடும் மாமியாரோடும் போய் வந்தவள் என்பதால் வீட்டிலேயே செய்ய வேண்டிய ஆயத்தங்களைச் சொல்கிறேன்.

மகளுக்குச் சிறுவர் அளவு முகக்கண்ணாடியையும் மூச்சுக்குழாயையும் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். படகில் தருபவை பெரும்பாலும் பெரியவர்களின் முகத்துக்கானவை. ஓரத்தில் நீர் கசிந்தால் குழந்தை பயந்துவிடும், பிறகு நாள் முழுவதும் நீரில் இறங்க மாட்டாள். பட்டை இல்லாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை உள்ளிழுக்கும்போது கையை எடுத்தாலும் அது ஒட்டிக்கொண்டு நின்றால் அளவு சரி. நீச்சல் வகுப்பிலேயே நான்கைந்து நாள் வாயால் மூச்சுவிட்டுப் பழகட்டும். உள்ளே நீர் வந்தால் தலையை நிமிர்த்தி, கண்ணாடியின் மேல் விளிம்பை அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதி வெளியேற்றுவதையும் சொல்லிக்கொடுங்கள். இந்த ஒன்று தெரிந்துவிட்டால் பயத்தில் பாதி போய்விடும். உங்கள் கணவரும் கூடவே பழகிக்கொள்ளட்டும். அவருக்குப் பார்வைக்கேற்ற வில்லை பொருத்திய முகக்கண்ணாடி முக்குளிப்புப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

அம்மாவுக்கு இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் கிளம்புமுன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். படகு ஆட்டத்தால் வரும் குமட்டலுக்கு மாத்திரை தருவதானால் ஏறிய பிறகு அல்ல, ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். உடை விஷயத்தில் நம் பெண்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். பருத்திச் சுடிதார் நனைந்தால் கல்லாகக் கனக்கும், துப்பட்டா கழுத்திலும் ஏணியிலும் மாட்டும். சீக்கிரம் உலரும் நைலான் துணியில் முழுக்கைச் சட்டையும் காலை ஒட்டிய முழு நீளக் கால்சட்டையும் அணிந்தால் கூச்சமும் இல்லை, முதுகும் வெயிலில் வெந்து போகாது. நீரில் குப்புற மிதக்கும்போது முதுகு எரிவது அப்போது தெரியவே தெரியாது, இரவில்தான் தெரியும்.

மிதவைச் சட்டையின் எல்லாப் பட்டைகளையும், காலிடுக்கு வழியாக வரும் பட்டை இருந்தால் அதையும் சேர்த்து, மாட்ட வேண்டும். இல்லையென்றால் சட்டை மேலே ஏறி முகத்தில் முட்டும், அணிந்தவர் நிதானம் இழப்பார்.

உணவுக்கு "ஜே" என்ற ஒரு சொல்லை நினைவில் வையுங்கள். தாய் மொழியில் மீன் சாறு, முட்டை எதுவும் கலக்காத தாவர உணவைக் குறிக்கும் சொல் அது. வெறுமனே "காய்கறிச் சாதம்" என்று கேட்டால் மீன் சாறு ஊற்றித்தான் தருவார்கள். பதிவு செய்யும்போதே சொல்லி வைத்து, பையில் புளியோதரையோ சப்பாத்தியோ ஒரு வேளைக்கு வைத்துக்கொள்வது இன்னும் நிம்மதி.

பவளத்தோழன்:

எல்லோரும் பயணிகளின் நலத்தைச் சொல்லிவிட்டதால் கடலின் நலத்தைப் பற்றி நான் சில வார்த்தை சொல்ல அனுமதியுங்கள்.

வெயிலுக்குப் பூசும் களிம்பை வாங்கும்போது பெட்டியைப் படியுங்கள். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட், 4-மெத்தில்பென்சிலிடின் கேம்ஃபர், பியூட்டில்பாரபென் ஆகிய நான்கில் எது இருந்தாலும் அந்தக் களிம்பைத் தாய்லாந்துத் தேசியப் பூங்காக் கடல்களில் பயன்படுத்த 2021 ஆகஸ்டிலிருந்து தடை உள்ளது. அபராதம் ஒரு லட்சம் பாட் வரை. இவை பவளத்தின் இளம் பருவங்களையும் இனப்பெருக்கத்தையும் கெடுக்கின்றன என்பதே காரணம். முழுக்கைச் சட்டை அணிந்துவிட்டால் களிம்பின் தேவையே பாதியாகக் குறையும்.

மீன்களைக் கூட்டுவதற்காகச் சில படகுகளில் ரொட்டியை வீசுவார்கள். உங்கள் மகள் ஆசைப்பட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பாசியைத் தின்று பவளத்தின் மேல் படரவிடாமல் காக்கும் மீன்கள் ரொட்டிக்குப் பழகினால் அந்த வேலையை விட்டுவிடும். அதற்குப் பதிலாக, தலையை நீரில் வைத்து அசையாமல் மிதந்து காதால் கேட்கச் சொல்லுங்கள். கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் 'கறுக் கறுக்' என்ற ஒலி தெளிவாகக் கேட்கும். அவை விழுங்கிய பவளத்துகள் அரைபட்டு வெளியேறுவதுதான் வெண்மணலில் ஒரு பங்கு என்று சொன்னால், கிராடன் கரையில் உட்காரும்போது அவள் மணலை வேறு கண்ணால் பார்ப்பாள்.

களைப்பாக இருக்கிறதென்று பவளத்தின் மேல் நிற்க வேண்டாம். அது உயிருள்ளது, நீண்ட கறுப்பு முட்களுடன் கடல் முள்ளெலிகளும் இடுக்குகளில் இருக்கும்.

இன்னொன்று. நீங்கள் போகும் திராங் மாகாணக் கடல் ஆவுளியாக்களின், அதாவது கடற்பசுக்களின், வீடு. கோ முக், கோ லிபொங் தீவுகளைச் சுற்றிய கடற்புல் படுகைகளில் அவை மேய்ந்து வந்தன. 2019இல் தாயைப் பிரிந்து தனியே கிடைத்த மரியம் என்ற ஆவுளியாக் குட்டியைக் கோ லிபொங் கரையில் பாலூட்டி வளர்த்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அது இறந்தபோது வயிற்றில் பிளாஸ்டிக் துண்டுகள் இருந்தன. அண்மை ஆண்டுகளில் கடற்புல்லும் பெருமளவு அழிந்து, ஆவுளியாக்கள் உணவு தேடி வேறு கரைகளுக்கு நகர்ந்து வருகின்றன. பாக் விரிகுடாவில் அதே உயிரினத்துக்காகக் காப்பகம் அமைத்திருக்கும் நம் மாநிலத்தவர்களுக்கு இது அயலார் துயரமாகத் தோன்றாது. படகில் தரும் நெகிழிக் குவளையும் உறையும் காற்றில் பறந்து நீரில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கோவை வாசகி:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மே மாதத்தைக் கைவிட்டுவிட்டோம், பொங்கலுக்குப் போகிறோம். காலண்டரைப் பார்த்தோம், நாங்கள் அங்கே தங்கும் இரண்டாம் நாள் அஷ்டமி வருகிறது, அதற்கு மறுநாள் பயணத்தை வைத்துக்கொள்வதாக இருக்கிறோம். அஷ்டமி, நவமியில் வெளியூர் கிளம்பக் கூடாது என்பவர் அம்மா. கடலுக்கு அதுவே நல்ல நாள் என்று ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை சொன்னார் என்றதும் ஒப்புக்கொண்டார்.

ஒரே ஒரு ஐயம் மீதி இருக்கிறது. குகை வாயில் வரை வந்தபின் அம்மாவுக்கு வேண்டாம் என்று தோன்றினால் படகிலேயே இருக்கலாமா? தனியாக விட்டுவிட்டுப் போவதாக ஆகிவிடாதா?

சிராங்கூன்வாசி:

தாராளமாக இருக்கலாம், சகோதரி. படகோட்டி படகை விட்டு இறங்குவதில்லை, வேறு சில பயணிகளும் பெரும்பாலும் படகிலேயே இருந்துவிடுவார்கள். உள்ளே போய்த் திரும்ப நாற்பது நிமிடம், ஒரு மணி நேரம் ஆகலாம். அதுவரை நிழலில் உட்கார்ந்து அந்தப் பாறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அலுக்காது. முடிவைக் கடைசி நிமிடத்தில் எடுக்கும் உரிமை அம்மாவுக்கு உண்டு என்பதை முதல் நாளே அவரிடமும் வழிகாட்டியிடமும் சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் காத்திருக்கிறார்களே என்ற கூச்சத்தால் யாரும் நீரில் இறங்கக் கூடாது.

அவர் வருவதாக முடிவெடுத்தால், உங்கள் குழுவை முதலில் அல்ல, கூட்டம் சற்று வடிந்த பிறகு அழைத்துப் போகுமாறு கேளுங்கள். அம்மா வழிகாட்டி இழுத்துச் செல்லும் மிதவை வளையத்தைப் பிடித்துக்கொள்ளட்டும், அவருக்குப் பின்னால் மகள், அதற்குப் பின்னால் உங்கள் கணவர், கடைசியில் நீங்கள். நீர் புகாத சிறு கைவிளக்கு ஒன்றை அம்மாவின் மணிக்கட்டில் கட்டிவிடுங்கள். அந்தத் திருப்பத்தில் வெளிச்சம் அறும்போது, தன் கையிலும் ஒரு விளக்கு இருப்பது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும்.